கொக்கும் குதிரையும் கூறும் சாட்சியம்



நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய பள்ளிகளுள் ஒன்றில், மதிற்சுவருக்கு வெளியே ஒரு முதிய புளியமரம் நின்றிருந்தது. இராணிப்பேட்டையிலிருந்து காவேரிப்பாக்கம் செல்லும் திசையில், ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் சிற்றூர் அது. ஐப்பசி மழை பெய்து ஏரி நிரம்பியதும் மடையான்களும் உண்ணிக்கொக்குகளும் அம்மரத்தில் கூடு கட்டத் தொடங்கும். அவற்றின் இரைச்சலில் எட்டாம் வகுப்பு ஆசிரியர் தம் குரலை உயர்த்தியே பாடம் நடத்த வேண்டியிருக்கும். எச்சத்தின் நாற்றமும் சிறிதன்று. ஆயினும் அம்மரத்தை வெட்ட ஊரார் ஒருநாளும் உடன்பட்டதில்லை.

2005-ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் வட்டாரத்தில் மூளைக் காய்ச்சல் பரவி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் குழந்தைகள். செய்தித்தாள்கள் நாள்தோறும் அதனை எழுதி வந்தன. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நாட்டு நடப்பை ஐந்து நிமிடம் எடுத்துரைப்பது என் வழக்கம். ஒருநாள் இந்நோயைப் பற்றிப் பேசினேன். "இந்நோய்க்குக் காரணமான வைரஸ் கொக்குகளின் உடலில் தங்கியிருக்கிறது, கொசு அதனைக் கொண்டுவந்து மனிதருக்குக் கொடுக்கிறது" என்றேன். மணி அடித்தது, பேச்சு அவ்வளவில் நின்றது.

அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தபோது புளியமரத்தடியில் கூடுகள் சிதறிக் கிடந்தன. நீலமும் பசுமையும் கலந்த முட்டைகள் உடைந்து ஓட்டாஞ்சில்லுகள் போலக் கிடந்தன. இறகு முளைக்காத குஞ்சுகளை எறும்புகள் மொய்த்திருந்தன. விடுமுறை நாட்களில் ஏழெட்டுச் சிறுவர்கள் மூங்கிற் கழிகளுடன் மரமேறிக் கூடுகளைத் தட்டித் தள்ளியிருக்கின்றனர். அவர்களை அழைத்துக் கேட்டேன். ஒருவனும் பொய் சொல்லவில்லை. "ஐயா, நீங்கள்தாமே சொன்னீர்கள்? என் தங்கைக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் என்ன செய்வது?" என்றான் அவர்களுள் மூத்தவன். அவனுக்கு மறுமொழி கூற என்னிடம் ஒன்றுமில்லை.

நான் கூறியதில் பொய் ஏதுமில்லை. ஆனால் அது பாதி மெய். மற்றப் பாதியைத் தேடிப் படிக்கத் தொடங்கிய பின்னரே, அதன் வரலாறு கோரக்பூரில் அன்று, நம் பாலாற்றங்கரையிலேயே தொடங்குகிறது என்பதை அறிந்தேன். அதனையே இன்று உங்களுக்குக் கூற விழைகிறேன்.

முதலில் நம் ஊரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இராணிப்பேட்டை இன்று தோல் பதனிடும் ஊராகப் பெயர் பெற்றிருக்கிறது. பிறப்பால் அது குதிரைகளின் ஊர். செஞ்சியை ஆண்ட தேசிங்கு 1714-இல் போரில் மாண்டதும் அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்றும், அவள் நினைவாக ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் இவ்வூரை எழுப்பினார் என்றும் கூறுவர். முரட்டுக் குதிரையை அடக்கிய தேசிங்கின் கதையை நம் பாட்டிமார் அறிவர். பின்னர் ஆங்கிலேயரின் குதிரைப்படை இங்கே பாளையம் இறங்கியது. 1806 ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுச்சி செய்தபோது, கில்லெஸ்பி என்னும் தளபதி ஆர்க்காட்டுக் குதிரைவீரர்களுடன் சுமார் 16 மைல் தொலைவைக் கடந்து விரைந்தது நீங்கள் பாடத்தில் படித்ததே. குதிரைப்படை போன பின்னும் ஜட்கா வண்டிகள் நெடுங்காலம் இருந்தன. என் இளமையில் வாலாஜா ரோடு ரயில் நிலையத்தில் இறங்குவோரை முதலில் வரவேற்றது ஜட்காக் குதிரையின் கழுத்து மணிதான்.

இவ்வூருக்கு வேறொரு பெருமையும் உண்டு; அதனை உள்ளூர் மாணவர்களே அறியாதிருக்கின்றனர். 1932-இல் இங்கே சீரம் நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. மாடுகளை மந்தை மந்தையாக மாய்த்த வெக்கை நோய்க்கு மருந்து செய்வது அதன் முதற்பணி. இன்று அது கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் என வழங்குகிறது. வெக்கை நோயோ உலகிலேயே இல்லாமற் போயிற்று. 2011-இல் அவ்வாறு முறையாக அறிவிக்கப்பட்டது. இங்கே ஒரு சிறு திருத்தம். கோழிகளுக்கு வரும் வெள்ளைக் கழிச்சலை 'ராணிக்கெட் நோய்' என்பர். அந்நோய் நம் இராணிப்பேட்டையில் தோன்றியது எனத் தேர்வுத்தாளில் எழுதிய மாணவரை நான் கண்டிருக்கிறேன். ராணிக்கெட் என்பது இமயமலைச் சாரலில் குமாவோன் பகுதியில் உள்ள ஊர். நம் ஊர் அந்நோய்க்குத் தடுப்பு மருந்து செய்து கொடுத்த ஊர். நோயைக் கொடுத்த ஊர் அன்று.

இனி மூளைக் காய்ச்சலுக்கு வருவோம். இதற்கு 'ஜப்பானிய மூளைக் காய்ச்சல்' என்று பெயர் வந்தது, அந்நாட்டில் முதலில் ஆராயப்பட்டமையால். 1924-இல் ஜப்பானில் 6,000 பேருக்கு மேல் இந்நோய்க்கு ஆளாயினர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1935-இல் இறந்த ஒருவரின் மூளையிலிருந்து வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் நெல்வயற் கொசுவிலும் அது காணப்பட்டது. 1948, 1949 ஆண்டுகளில் ஜப்பானியக் குதிரைகள் ஆயிரக்கணக்கில் இதே நோயால் தள்ளாடி விழுந்தன. ஆனால் மழைக்காலம் கழிந்து கொசு குறைந்ததும் வைரஸ் எங்கே ஒளிகிறது, அடுத்த ஆண்டு எவ்வுயிரில் பெருகி மீள்கிறது என்பது விளங்கவில்லை. 1950-களில் ப்யூஷர், ஷெரர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் தோக்கியோவைச் சுற்றியுள்ள கொக்குக் குடியிருப்புகளிலும் பன்றிக் கொட்டில்களிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்து, பெருகுமிடம் கொக்கின் இனமும் பன்றியுமே எனக் காட்டினர்.

இதே ஆண்டுகளில் நம் நாட்டில் நடந்தது என்ன? 1952-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்ஃபெல்லர் அறநிலையமும் சேர்ந்து பூனாவில் வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவின. அங்குள்ளோர் இந்திய மக்களின் இரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது, ஜப்பானிய மூளைக் காய்ச்சலுக்குரிய எதிர்ப்பொருள் சிலரிடம் இருக்கக் கண்டனர். எதிர்ப்பொருள் என்பது, ஒரு நோய்க்கிருமி உடலுக்குள் வந்துபோனதன் அடையாளமாக இரத்தத்தில் தங்கிவிடும் பொருள். திருடன் போய்விட்டான், கால்தடம் கிடக்கிறது. ஆனால் திருட்டு நடந்ததாக எவரும் முறையிட்டிருக்கவில்லை. அந்நோயால் படுத்த இந்தியர் ஒருவரையும் அதுவரை எந்த மருத்துவரும் அடையாளம் காணவில்லை.

அடையாளம் கண்டது வேலூர். 1955-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து குழந்தைகள் கொண்டுவரப்பட்டனர். (அக்கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் பிறந்தது நம் இராணிப்பேட்டையில், 1870-இல்.) கடுங்காய்ச்சல், வாந்தி, வலிப்பு, பின்னர் நினைவிழப்பு. மூளைச் சவ்வைத் தாக்கும் பிற நோய்களையும் மலேரியாவையும் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்த மருத்துவர்கள், இது கொசு முதலிய பூச்சிகளால் வரும் வைரஸ் நோயாக இருத்தல் வேண்டும் எனக் கருதினர். குழந்தை மருத்துவப் பேராசிரியர் வெப், அவருடன் உழைத்த பெரைரா ஆகிய இருவரும் 1956-இல் வட ஆர்க்காட்டுக் குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை அக்கருத்தை வெளியிட்டது. அதே ஆண்டில் பூனா நிலையத்தைச் சேர்ந்த டெல்ஃபோர்டு வொர்க், ஷா ஆகியோர் இரத்தச் சோதனையால் அது ஜப்பானிய மூளைக் காய்ச்சலே என நிறுவினர்.

சோதனை எங்ஙனம் நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மாணவர்கள் அறிய வேண்டியது அதுவே. நோய் கண்ட முதல் நாட்களில் குழந்தையின் இரத்தத்தைச் சிறிது எடுத்து, அதிலிருந்து சீரம் என்னும் தெளிநீரைப் பிரித்துக் குளிரில் வைப்பர். இரண்டு மூன்று வாரங்கள் கழித்து மீண்டும் ஒருமுறை எடுப்பர். முதல் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இல்லாமலோ சிறிதாகவோ இருந்து, இரண்டாவதில் பன்மடங்கு பெருகியிருந்தால், இந்நோய் இப்பொழுதுதான் வந்தது என்பது உறுதி. பெருகியதை அளப்பதற்குக் கருவி பெருவாத்தின் இரத்தம். வைரஸ் கலந்த நீரைப் பெருவாத்தின் சிவப்பணுக்களுடன் சேர்த்தால், அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாய் விரித்தாற்போலப் பரவும். எதிர்ப்பொருள் உள்ள சீரத்தை முன்னதாகச் சேர்த்துவிட்டால் வைரஸ் கட்டுண்டு போகும். அணுக்கள் ஒட்டாமல் குழியின் அடியில் பொத்தான் போலத் திரளும். சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்த பின்னும் பொத்தான் தோன்றுகிறது என்று எண்ணினால் அளவு கிடைத்துவிடும்.

எண்ணிப் பாருங்கள்: இரண்டாவது இரத்தம் எடுக்கக் குழந்தை உயிரோடிருத்தல் வேண்டும். பல குழந்தைகள் அதுவரை இருக்கவில்லை.

1955 முதல் 1966 வரை தென்னிந்தியாவில் இந்நோயாளர் எனக் கணக்கில் வந்தோர் சுமார் 65 பேர். பன்னிரண்டு ஆண்டுகளில் 65 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் இவ்வைரஸ் தொற்றுவோரில் சுமார் 250 பேருக்கு ஒருவரே நோய்வாய்ப்படுகின்றனர். மற்றவர்க்குத் தொற்றியதே தெரியாது. ஆகவே மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பின்னால், கொசு கடித்து ஒன்றும் நேராமல் விளையாடிக் கொண்டிருந்த குழந்தைகள் நூற்றுக்கணக்கில் இருந்தனர் என்பது பொருள். நோய் முற்றியவர்களுள் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறப்பர். பிழைத்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையிலானோர்க்குக் கை கால் முடக்கமோ, பேச்சுக் குறையோ, அறிவுத் தளர்ச்சியோ தங்கிவிடும்.

இதனை ஏட்டில் படிப்பதற்கு நெடுங்காலம் முன்பே நான் கண்டிருக்கிறேன் போலும். 1969-ஆம் ஆண்டு, எனக்குப் பத்து வயது. எங்கள் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிப்பதில் என்னை ஒருபோதும் முந்தவிடாத ஒரு பையன் இருந்தான். அவன் வீடு நெல்வயலின் ஓரத்தில், மாட்டுக்கொட்டிலை ஒட்டி இருந்தது. ஐப்பசியில் ஒருநாள் காய்ச்சலென்று வரவில்லை. பேய் அறைந்தது என்றார் சிலர். தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீரால் வந்த விஷக்காய்ச்சல் என்றார் வேறு சிலர். தை மாதத்தில் அவன் பள்ளிக்குத் திரும்பினான். ஆசிரியர் அவனை என் பக்கத்தில் உட்கார வைத்து, "நீ அவனுக்குச் சொல்லிக்கொடு" என்றார். இரண்டாம் வாய்ப்பாட்டில் மூன்றாவது வரிக்கு மேல் அவனால் செல்ல இயலவில்லை. பலப்பம் விரல்களிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. நான் எடுத்து எடுத்துக் கொடுத்தேன். சில வாரங்களில் அவன் வருவது நின்றது. அவனுக்கு வந்தது இந்நோயேதான் என்று நான் சாதிக்க வரவில்லை. அவன் இரத்தத்தை எவரும் இருமுறை எடுக்கவில்லை.

அதே மழைக்காலத்தில் எங்கள் தெருமுனை ஜட்காக்காரரின் குதிரையும் நோயுற்றது. தலையைச் சுவரில் முட்டி நின்றது. பின்னர் ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழுந்தது. நான்காம் நாள் ஆற்றுமணலில் அதனைப் புதைத்தனர். குதிரைக்கு இவ்வாறு நேரப் பல காரணங்கள் உண்டு. எனினும் பின்னாளில் இந்நோயைப் பற்றிப் படித்தபோதெல்லாம் அச்சிறுவனும் அக்குதிரையும் சேர்ந்தே என் கண்முன் வந்தனர். அவ்வாறு வந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

கழிவுநீரைப் பற்றிய எங்கள் ஊராரின் எண்ணம் தவறு. தோல் பதனிடும் சாலைகளின் கழிவு நம் கிணறுகளையும் நிலத்தையும் கெடுத்தது உண்மை; 1996-இல் உச்ச நீதிமன்றமே அதன்மேல் கடுமையான தீர்ப்பு வழங்கியது. ஆனால் இந்தக் குற்றம் அதனுடையது அன்று. சாக்கடையில் வளரும் கொசு யானைக்கால் நோயைப் பரப்புவது; மூளைக் காய்ச்சற் கொசு வேறினம். கியூலெக்ஸ் விஷ்ணுய் என்னும் பெயருடைய கொசுவும் அதன் நெருங்கிய உறவினங்களும் நாற்று நட்ட வயலின் தெளிந்த நீரிலே பிறக்கின்றன. காக்கும் கடவுளின் பெயரைக் கொசுவுக்குச் சூட்டியவரின் மனப்போக்கு எனக்கு விளங்கியதில்லை.

வேலூரில் இருந்தோர் மருத்துவமனைக் கட்டிலோடு நின்றுவிடவில்லை. இதனைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். கேரி, மையர்ஸ், வெப், ரேச்சல் ரூபன் ஆகியோர் நோய் தொடங்கும் இடத்தைத் தேடி ஊர்களுக்குச் சென்றனர். அந்தி மயங்கும் வேளையில் மாட்டுக்கொட்டில்களில் விளக்குடன் நின்று, உறிஞ்சுகுழலால் கொசுக்களைப் பிடிப்பர். அவற்றை இனம்பிரித்து, தொகுதி தொகுதியாக அரைத்து, பிறந்து ஓரிரு நாளேயான எலிக்குஞ்சுகளின் மூளையில் செலுத்துவர். குஞ்சுகள் நோயுற்றால் அக்கொசுத் தொகுதியில் வைரஸ் இருந்தது என்பதற்கு அதுவே சான்று. இவ்வகையில் 1956-இலேயே வேலூர்ப் பகுதிக் கொசுக்களிலிருந்து ஜப்பானிய மூளைக் காய்ச்சல் வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது.

அவர்கள் 1968-ஐ ஒட்டி இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் தொடர்ச்சியாகச் சில கட்டுரைகள் வெளியிட்டனர். கொசுவைப் பற்றி ஒரு பகுதி, நோயாளரின் எதிர்ப்பொருளைப் பற்றி ஒரு பகுதி என்று செல்லும் அத்தொடரின் நான்காம் பகுதி, மனிதனல்லாத உயிர்களில் இவ்வைரஸின் அடையாளத்தைத் தேடியது பற்றியது. நம் மாவட்டத்து உயிர்களிடம் போய், "உங்களிடம் இது வந்ததா?" என்று ஒருவர் கேட்டு எழுதிவைத்தது அப்பொழுதுதான்.

இவ்வாறு வேலூரிலும் பிற இடங்களிலும் நடந்த ஆராய்ச்சிகளால் தெளிந்த செய்தி இது. மடையானுக்கும் உண்ணிக்கொக்குக்கும் வக்காவுக்கும் இவ்வைரஸ் தொற்றினால் அவை நோயுறுவதில்லை. ஆனால் சில நாட்கள் அவற்றின் இரத்தத்தில் வைரஸ் மிகுதியாகப் பெருகும். அந்நாட்களில் கடிக்கும் கொசு வைரஸைப் பெற்றுக்கொள்ளும். பன்றியின் நிலையும் இதுவே. ஊருக்குள் இருப்பதாலும் ஆண்டுதோறும் புதிய குட்டிகள் ஈனுவதாலும் அதனால் வரும் இடர் அதிகம். மாட்டையே இக்கொசு பெரிதும் விரும்பிக் கடிக்கிறது. எனினும் மாட்டின் உடலில் வைரஸ் பெருகுவதில்லை. மாடு நிறைந்த ஊரில் கொசுவின் கடிகளிற் பெரும்பங்கு வீணாய்ப் போகிறது. நம் பகுதியில் நோய் ஒற்றை ஒற்றையாகத் தோன்றியதற்கு இஃது ஒரு காரணமாகலாம். இனி மனிதனும் குதிரையும். இவ்விருவருக்கும் மூளை அழற்சி உண்டாகிறது, சாகவும் செய்கின்றனர். ஆனால் அவர்களின் இரத்தத்தில் வைரஸ் கொசுவுக்குத் தொற்றும் அளவுக்கு ஏறுவதில்லை. வைரஸின் பயணத்தில் இருவரும் முட்டுச்சந்துகள். அச்சிறுவனும் அக்குதிரையும் சேர்ந்து என் நினைவுக்கு வருவதில் நியாயம் உண்டு என்றேனே, அது இதுதான்.

அப்படியாயின் கொக்கைப் பிடித்து இரத்தம் எடுப்பது எதற்காக? கொல்வதற்கு அன்று; கேட்பதற்கு. கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய வலையை நீர்நிலையோரம் கட்டி, சிக்கிய பறவையை மெதுவாக விடுவித்து, இறகின் அடியிலுள்ள நரம்பிலிருந்து சில துளி இரத்தம் எடுத்து, காலில் எண் பொறித்த வளையம் பூட்டிப் பறக்கவிடுவர். நம் நாட்டில் வளையமிடும் பணி பெரிய அளவில் நடந்ததற்கே ஒரு நோய்தான் காரணம். 1957-இல் மைசூர் மாநிலத்தின் ஷிமோகாக் காடுகளில் குரங்குகள் இறந்து விழுந்தன, மனிதரும் இறந்தனர். உண்ணியால் பரவும் கியாசனூர்க் காட்டு நோய் என்று அதற்குப் பெயரிடப்பட்டது. ரஷ்யாவில் காணப்பட்ட ஒரு நோயை அது ஒத்திருந்தமையால், வலசை வரும் பறவைகள் கொண்டுவந்தனவோ என்ற ஐயம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் சலீம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தாரும் 1959 முதல் பறவைகளுக்கு வளையமிடலாயினர். பின்னாளில் நம் கோடியக்கரையிலும் அப்பணி பல்லாண்டு நடந்தது.

சாட்சி கேட்பதில் ஒரு நுட்பம் உண்டு. முதிய கொக்கின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால், வைரஸ் எந்த ஆண்டு வந்தது என்று சொல்ல இயலாது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் வேறோர் ஏரிக்கரையில் வந்திருக்கலாம். அவ்வாண்டுப் பொரித்து வளர்ந்த இளம் பறவையிடம் அது காணப்பட்டாலோ ஐயமில்லை. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள் மறைந்த பின் தோன்றியதாயின், வைரஸ் இம்மழையில் இவ்விடத்திலேயே உலவுகிறது. பன்றிக் குட்டியைச் சோதிப்பதும் இதற்காகவே. தடுப்பூசி போடாத இளங்குதிரையைத் தேடுவதும் இதற்காகவே. ஊசி போட்ட குதிரையிடம் காணும் எதிர்ப்பொருள் மருந்தினாலும் வந்திருக்கலாமன்றோ? ஒரே ஒரு மழைக்காலத்தைக் கண்ட உயிரே ஐயமற்ற சாட்சி. 1955-இல் அந்தச் சாட்சியாக இருந்தோர் வட ஆர்க்காட்டுக் குழந்தைகள். கொசுவிலும் பறவையிலும் விலங்கிலும் முன்னதாகவே தேடுவதெல்லாம், குழந்தை சாட்சியாக நேராமல் இருப்பதற்காகத்தான்.

இதில் குழப்பமும் இல்லாமலில்லை. 1937-இல் உகாண்டாவில் கண்டறியப்பட்ட மேற்கு நைல் வைரஸ் இதற்கு நெருங்கிய உறவு. பெருவாத்தின் இரத்தத்தைக் கொண்டு செய்யும் சோதனையில் இரண்டும் ஒன்றுபோலத் தோற்றம் காட்டும். நோயாளியின் அல்லது பறவையின் சீரத்தை ஒவ்வொரு வைரஸுடனும் தனித்தனியே கலந்து எலிக்குஞ்சுக்குச் செலுத்தி, எது உயிர் பிழைக்கிறது என்று பார்த்தே வேறுபாடு அறிந்தனர். நம் பாலாறு ஓடிவரும் கோலார் மாவட்டத்தில் நீர்ப்பறவைகளிடமும் நிலத்துப் பறவைகளிடமும் சேகரித்து வைத்திருந்த சீரங்களைப் பூனா நிலையத்தார் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டனர். ஜப்பானிய மூளைக் காய்ச்சல், மேற்கு நைல் ஆகிய இரண்டின் அடையாளங்களும் அவற்றில் இருந்தன. அந்நிலையம் 1978 முதல் தேசிய வைராலஜி நிறுவனம் என்று பெயர் பெற்றது. கோலாரின் ஏரியில் மேயும் கொக்குக்கு மாநில எல்லை ஏது?

சாட்சியைக் கேளாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு நியூயார்க் நகரம் எடுத்துக்காட்டு. 1999 கோடையில் அங்கே காக்கைகள் தெருவில் செத்து விழுந்தன. அதன்பின் முதியோர் சிலர் மூளை அழற்சியுடன் மருத்துவமனைக்கு வந்தனர். மருத்துவர்கள் முதலில் அதனை வேறொரு நோயென்று முடிவு கட்டினர். நகரின் விலங்குக் காட்சிசாலையில் பறவைகள் இறப்பதைக் கண்ட நோயியல் அறிஞர் டிரேசி மெக்நமாரா, இரண்டும் ஒரே நோயாக இருக்கலாம் என்று வற்புறுத்தினார்; அம்முடிவு பறவைகளின் சாவுக்குப் பொருந்தவில்லை என்பது அவர் வாதம். இறுதியில் அது மேற்கு நைல் வைரஸ் எனத் தெரிந்தது. அமெரிக்கக் கண்டத்தில் அதுவே முதல் முறை. அண்டையிலுள்ள லாங் தீவில் குதிரைகளும் மாண்டன. காக்கையைப் பார்ப்பவர் ஒரு துறை, மனிதரைப் பார்ப்பவர் வேறொரு துறை என்று பிரிந்திருந்ததே தாமதத்துக்குக் காரணம். அதற்கு முன்னர், 1960-களின் தொடக்கத்திலேயே, பிரான்சின் தென்கோடியில் கமார்க் என்னும் சதுப்பு நிலத்தில் குதிரைகள் இதே வைரஸால் மாண்டதுண்டு.

நம் நாட்டில் 1985-இல் ஹரியானாவின் ஹிசாரில் குதிரைகளுக்கான தேசிய ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது. குதிரை, கழுதை, கோவேறு கழுதை ஆகியவற்றின் இரத்தத்தை நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பெற்றுச் சோதிக்கும் பணியில் இந்த மூளைக் காய்ச்சலும் அடங்கும். அதே 1985-இல் மதுரையில் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் தோன்றியது. வேலூர் மாட்டுக்கொட்டில்களில் கொசு பிடித்த ரேச்சல் ரூபன் அதன் இயக்குநராக விளங்கினார். அங்கே எலிக்குஞ்சுக்கு மாற்றாக ஒரு விந்தையான உயிரைப் பயன்படுத்தினர். மனிதரைக் கடிக்கவே கடிக்காத, புழுப்பருவத்தில் பிற கொசுப்புழுக்களைத் தின்று வளரும் பெருங்கொசு ஒன்று உண்டு. பிடித்த கொசுக்களின் சாற்றை அதன் உடலில் செலுத்தி, வைரஸ் வளர்கிறதா என்று பார்த்தனர். 2006 முதல் இந்நோய் மிகுந்த மாவட்டங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசியும் போடப்படுகிறது. தடுப்பூசி குழந்தையைக் காக்கும். வயலிலும் கொக்கிலும் உள்ள வைரஸை அது தொடுவதில்லை. ஆகவே கேட்கும் வேலைக்கு ஓய்வு இல்லை.

இவற்றையெல்லாம் ஒருவாறு கற்ற பின், சில மாதம் கழித்து அதே வழிபாட்டுக் கூட்டத்தில் மீண்டும் பேசினேன். இம்முறை ஐந்து நிமிடம் போதவில்லை. முதற் பாடவேளையையும் எடுத்துக்கொண்டேன். சென்ற முறை நான் பாதிதான் சொன்னேன் என்றும், கூடுகள் விழுந்ததற்குப் பொறுப்பு மரமேறியவர்களுக்கு அன்று, எனக்கே என்றும் கூறினேன். மரத்தைக் கலைத்தால் கொக்கு வேறொரு மரத்துக்குப் போகுமேயன்றி வைரஸ் குறையாது. மாலையில் தங்கையைக் கொசு கடியாமல் வலைக்குள் படுக்க வைப்பதும், பன்றிகளை வீட்டருகில் திரியவிடாமல் தொலைவில் அடைப்பதும், வயலில் நீரை இடைவிட்டுப் பாய்ச்சுவதுமே பயன் தரும் என்றேன். அந்த மூத்த பையன் கூட்டத்தின் கடைசி வரிசையில் தலைகுனிந்து நின்றான். நான் அவனைப் பார்த்துப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்று இப்பொழுது தோன்றுகிறது.

அடுத்த ஐப்பசியில் ஏரி நிரம்பியது. மடையான்களும் உண்ணிக்கொக்குகளும் வந்தன. புளியமரத்தின்மேல் இரண்டு மூன்று முறை வட்டமிட்டன; பின்னர் மறுகரையில் இருந்த கருவேல மரங்களுக்குப் போய்விட்டன. நான் அப்பள்ளியை விட்டு மாற்றலாகும் வரை புளியமரத்தில் ஒரு கூடும் கட்டப்படவில்லை. எட்டாம் வகுப்பு ஆசிரியர் குரலை உயர்த்தாமலே பாடம் நடத்தி வந்தார்.